பக்கத்தின் ஓரம்: குறிப்பும் சித்திரமும் இடுவது எப்படி?



புதுக் கொப்பியொன்று வாங்கியதும் பிள்ளைகள் முதலில் செய்யும் வேலை என்ன? அடிமட்டத்தை வைத்து, பக்கத்தின் இடப்புறத்தில் ஒரு சிவப்புக் கோடு அடிப்பார்கள். அந்தக் கோட்டுக்கு அப்பால் எழுதக் கூடாது என்பது வகுப்பறைச் சட்டம். ஏனெனில் அது ஆசிரியருக்கு உரிய இடம். பிள்ளை எழுதியதை அழிக்காமல், பக்கத்தில் நின்று திருத்தவும் விளக்கவும் பாராட்டவும் அவர் அந்த ஓரத்தைப் பயன்படுத்துகிறார்.

இன்று நம் வீடுகள் பலவற்றில் கணனி உண்டு. முன்பு றோனியோ இயந்திரத்தில் மை பூசிச் சுற்றிய செபத்தாள்களையும், மறைக்கல்விப் பாடங்களையும், திருவிழா மலர்களையும் இப்போது இளைஞர்கள் தாமே தட்டச்சு செய்து அச்செடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எழுத்தைப் பக்கம் முழுவதும் நிரப்பத் தெரிந்த நமக்கு, ஓரத்தை ஆளத் தெரியவில்லை. அதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. அதைக் கண்ட பின் செய்முறைக்குச் செல்வோம்.

பாட்டியின் செபக் கொப்பி

ஒரு வீட்டில் பாட்டியார் தம் கைப்பட எழுதி வைத்த பழைய செபக் கொப்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாள் மஞ்சளித்துவிட்டது, மை மங்கிவிட்டது. பேரன் அதைக் கணனியில் ஏற்ற முன்வருகிறான். முதற் பக்கத்திலேயே "இஸ்பிரீத்து சாந்து" என்ற சொல் வருகிறது. அவனுக்குப் பொருள் புரியவில்லை. யாரோ "அது தூய ஆவியார்தான்" என்று சொல்ல, பழைய சொல்லை நீக்கிப் புதிய சொல்லைப் போட்டுவிடுகிறான். பின்னர் "குருசு" சிலுவை ஆகிறது. "பாஸ்கு" உயிர்ப்பு விழா ஆகிறது. "அர்ச்சியசிஷ்ட" என்பது புனிதர் ஆகிறது. வேலை முடிந்ததும் கையில் இருப்பது எல்லோருக்கும் விளங்கும் ஒரு செபத்தாள். ஆனால் பாட்டியின் செபம் அதில் இல்லை. பாஸ்கு, குருசு என்ற சொற்கள் போர்த்துக்கேயர் காலத்தில் நம் முன்னோர் வாயில் ஏறி, நூற்றாண்டுகளாக நம் வீடுகளில் ஒலித்தவை என்ற வரலாறும் அதில் இல்லை.

சரி, பழைய சொற்களை அப்படியே விட்டுவிட்டால்? அப்போது பேரனின் பிள்ளைக்கு அது விளங்காது. விளங்காத செபம் அலுமாரிக்குள் போய்விடும். கோவாவில் பிறந்து 1705இல் இலங்கை வந்து, 1742இல் இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இன்றும் பல ஊர்களில் வாசிக்கப்படுகிறது. ஆனால் அதைக் கேட்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு எத்தனை சொற்கள் புரிகின்றன?

இந்த இரண்டு இழப்புக்கும் மருந்து ஒன்றே. உள்ளதை உள்ளபடி நடுவில் வைத்து, விளக்கத்தை ஓரத்தில் வைப்பது. பாட்டியின் சொல்லும் வாழும். பேரப்பிள்ளைக்குப் பொருளும் கிடைக்கும்.

திபேரியாவின் பாடம்

இது இன்று நாம் கண்டுபிடித்த வழியன்று. கலிலேயாக் கடல் என்று நற்செய்தியில் வாசிக்கிறோமே, அது நம் வாவியைப் போல நிலம் சூழ்ந்த நீர்நிலைதான். அதன் கரையிலுள்ள திபேரியா நகரில், ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை, மசோரேத்தியர் எனப்படும் யூத அறிஞர்கள் எபிரேய வேதாகமத்தைப் படியெடுத்துக் காத்தனர். தங்களுக்குக் கிடைத்த படியில் ஒரு சொல் பிழையாக எழுதப்பட்டிருப்பதாகத் தோன்றினால் என்ன செய்தார்கள்? அதன் எழுத்துகளில் கைவைக்கவில்லை. அவற்றை அப்படியே எழுதி, வாசிக்க வேண்டிய சொல்லை ஓரத்தில் குறித்தார்கள். ஒரு சொல் வேதாகமத்தில் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கைக்கூட ஓரத்தில் எழுதினார்கள். பின்னால் படியெடுப்பவன் ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதற்கான காவல் அது. 1008ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அத்தகைய முழுப்படி ஒன்று ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகர நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

நம் ஏட்டுச்சுவடிகளிலும் ஓரம் வீணாக விடப்படவில்லை. ஏட்டின் எண் இடது ஓரத்திலேதான் எழுதப்பட்டது. கயிறு அறுந்து ஏடுகள் சிதறினாலும் மீண்டும் வரிசைப்படுத்த அந்தச் சிறு எண் உதவிற்று.

உங்கள் பெயருக்கு அருகேயும் ஓர் ஓரம் உண்டு

இதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் பங்குப் பணிமனையில் இருக்கிறது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகிய விபரங்கள் எழுதப்படுகின்றன. அருகில் வெற்றிடம் ஒன்று விடப்படுகிறது. அந்த வெற்றிடம் எதற்கு?

தாண்டவன்வெளியில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் கொழும்பில் திருமணம் செய்தால், அங்குள்ள பங்குத்தந்தை அந்தச் செய்தியைத் திருமுழுக்கு நடந்த பங்குக்கு அறிவிக்க வேண்டும். இங்கே பழைய பதிவில் ஓர் எழுத்தும் மாற்றப்படாமல், திருமணக் குறிப்பு சேர்க்கப்படும். 1907இல் பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளியான ஆணை இதைக் கட்டாயமாக்கி, 1908ஆம் ஆண்டு உயிர்ப்பு விழா முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும், 535ஆம் பிரிவில், உறுதிப்பூசுதல், திருமணம், சுவீகாரம், குருத்துவம், துறவற நிரந்தர வாக்குத்தத்தம் முதலியவற்றைத் திருமுழுக்குப் பதிவேட்டில் குறிக்கும்படி பணிக்கிறது.

திருமணத்துக்கு முன் "பழைய சான்றிதழ் போதாது, புதிதாக ஒன்று எடுத்து வாருங்கள்" என்று கேட்கும்போது சிலர் சலிப்படைகிறார்கள். கேட்கப்படுவது அந்த ஓரக்குறிப்பையே. ஒருவர் ஏற்கெனவே மணமானவரா, இல்லையா என்பதை அது சொல்லிவிடும். ஒரு பெண்ணின் வாழ்வு அந்த இரண்டு விரல் அகல வெற்றிடத்தால் காக்கப்படலாம்.

இவற்றிலிருந்து ஓரக்குறிப்புக்கு மூன்று இலக்கணம் கிடைக்கிறது. முதலாவது, அது மூலத்தை மாற்றாது. இரண்டாவது, தனக்குரிய வரியின் அருகிலேயே நிற்கும். மூன்றாவது, யார், எப்போது எழுதியது என்பது தெரியும். கணனியில் நாம் செய்யப்போகும் வேலைக்கும் இவையே அளவுகோல்.

முதலாம் படி: பக்கத்தை அளத்தல்

எழுதத் தொடங்கும் முன் ஓரத்தை ஒதுக்க வேண்டும். எழுதி முடித்த பின் இடம் தேடினால் கிடைக்காது.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். இதில் வெளி ஓரத்துக்கு 55, கட்டும் பக்கமான உள் ஓரத்துக்கு 25 என ஒதுக்குங்கள். எழுத்துக்கு 130 மில்லிமீற்றர் மிஞ்சும். தாராளமாகப் போதும். கையடக்கமான சிறு புத்தகமாக, 148 மில்லிமீற்றர் அகலமுள்ள ஏ5 தாளில் செய்வதானால், வெளி ஓரம் 42, உள் ஓரம் 18, எழுத்துக்கு 88 என்று வையுங்கள்.

மைக்ரோசொப்ட் வேர்ட் மென்பொருளில் "லேஅவுட்" பகுதிக்குப் போய், "மார்ஜின்ஸ்" என்பதைத் தொட்டு, அடியில் உள்ள "கஸ்ரம் மார்ஜின்ஸ்" என்பதைத் திறவுங்கள். தாளின் இரு பக்கமும் அச்சிட்டுப் புத்தகமாகக் கட்டுவதானால் "மிரர் மார்ஜின்ஸ்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்போது வலப்பக்கத் தாளில் வலது ஓரமும், இடப்பக்கத் தாளில் இடது ஓரமும் அகலமாகும். கண்ணாடியில் தெரியும் உருவம் போல இரண்டும் எதிரெதிராக நிற்கும். குறிப்புகள் தையலுக்குள் மறையாமல் எப்போதும் வெளிப்புறத்தில் வரும். ஒரு பக்கம் மட்டும் அச்சிடும் தாளுக்கு இது தேவையில்லை. வலது ஓரத்தை அகலமாக விட்டாற் போதும்.

இரண்டாம் படி: பெட்டியும் நங்கூரமும்

"இன்சேர்ட்" பகுதியில் "ரெக்ஸ்ட் பொக்ஸ்" உண்டு. எழுத்தை இடுவதற்கான பெட்டி அது. அதன் கீழே "ட்ரோ ரெக்ஸ்ட் பொக்ஸ்" என்பதைத் தெரிந்து, வெளி ஓரத்தில் சிறு பெட்டி ஒன்றை வரையுங்கள். ஏ4 தாளுக்கு 40 மில்லிமீற்றர் அகலமும், ஏ5 தாளுக்கு 30 மில்லிமீற்றர் அகலமும் பொருந்தும். பெட்டியைச் சுற்றியுள்ள கோட்டை நீக்கிவிட்டால் பக்கம் நெரிசலின்றி இருக்கும்.

இனித்தான் முக்கியமான இடம். பலர் பெட்டியைச் சுட்டியால் இழுத்துச் சரியான இடத்தில் விட்டுத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். மறுநாள் முதற் பக்கத்தில் நான்கு வரி சேர்த்ததும் எழுத்தெல்லாம் கீழே இறங்கும். "குருசு" என்ற சொல் அடுத்த பக்கம் போய்விட, அதன் விளக்கம் பழைய பக்கத்திலேயே வேறொரு சொல்லின் அருகில் நிற்கக்கூடும். வாசிப்பவருக்குப் பொருள் மாறிப் போகும். இடம் தவறிய குறிப்பு, குறிப்பில்லாத பக்கத்தைவிடக் கேடு செய்யும்.

வாவியில் தோணி விடுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கரையில் வெறுமனே விட்ட தோணி நீரோட்டத்தோடு போய்விடும். கம்பில் கட்டிய தோணி நீர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், ஆனால் கம்பைவிட்டுப் போகாது. கணனியிலும் அப்படிக் கட்டும் வசதி உண்டு. அதற்குப் பெயரே "அங்கர்", அதாவது நங்கூரம்.

கட்டும் முறை இது:

1. விளக்க வேண்டிய சொல் உள்ள பந்தியில் சுட்டுக்குறியை வைத்த பின்பே பெட்டியை வரையுங்கள்.

2. பெட்டியின் விளிம்பில் வலது பொத்தானை அழுத்தி, "மோர் லேஅவுட் ஒப்ஷன்ஸ்" என்பதைத் திறவுங்கள். எழுத்து பெட்டியைச் சுற்றி ஓடும் முறைக்கு "ஸ்குவெயார்" என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

3. அங்கேயே "பொசிஷன்" என்ற பகுதியில், கிடை நிலைக்கு "சென்ரேர்ட்" என்றும், எதைக்கொண்டு அளப்பது என்பதற்கு "அவுட்சைட் மார்ஜின்" என்றும் கொடுங்கள். பெட்டி வெளி ஓரத்தின் நடுவில் நிற்கும். 55 மில்லிமீற்றர் ஓரத்தில் 40 மில்லிமீற்றர் பெட்டி வைத்தால் இருபுறமும் 7.5 மில்லிமீற்றர் இடைவெளி கிடைக்கும். வீட்டு அச்சுப்பொறிகள் தாளின் விளிம்பில் சில மில்லிமீற்றர் தூரத்துக்கு அச்சிடுவதில்லை; ஆகவே இந்த இடைவெளி அவசியம். ஒரு பக்கம் மட்டும் அச்சிடுவோர் "ரைட் மார்ஜின்" என்று கொடுக்கலாம்.

4. நிலைக்குத்து நிலைக்கு, "பராகிராப்" என்பதிலிருந்து 0 தூரம் என்று கொடுங்கள். பெட்டியின் தலை, பந்தியின் தலையோடு ஒரே மட்டத்தில் வரும்.

5. "மூவ் ஒப்ஜெக்ட் வித் ரெக்ஸ்ட்", "லொக் அங்கர்" என்ற இரண்டிலும் சரி அடையாளம் இடுங்கள். முதலாவது, பந்தியோடு பெட்டியை நகரச் செய்யும். இரண்டாவது, நங்கூரம் வேறு பந்திக்குத் தாவாமல் தடுக்கும்.

நங்கூரம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க விரும்பினால், "ஹோம்" பகுதியில் பந்திக் குறியை அழுத்திவிட்டுப் பெட்டியைத் தொடுங்கள். சிறிய நங்கூரப் படம் தோன்றும். ஓர் எச்சரிக்கை: நங்கூரம் உள்ள பந்தியை முழுவதும் அழித்தால் பெட்டியும் அதனோடு அழிந்துவிடும்.

காசு கொடுத்து வேர்ட் வாங்க இயலாதவர்கள் லிப்ரே ஒபிஸ் மென்பொருளை இலவசமாகப் பெறலாம். அதில் "இன்சேர்ட்" பகுதியில் உள்ள "பிரேம்" என்பதே பெட்டி. நங்கூரத்துக்கு "ரு பராகிராப்" என்பதைத் தெரிந்து, இரட்டைப் பக்கங்களில் இடம் மாற "மிரர் ஒன் ஈவின் பேஜஸ்" என்பதில் அடையாளமிட வேண்டும்.

இவை கடினமாகத் தோன்றுகிறதா? அப்படியானால் இரண்டு நிரல் உள்ள அட்டவணை ஒன்றைப் போடுங்கள். அகன்ற நிரலில் செபம், ஒடுங்கிய நிரலில் விளக்கம். ஒவ்வொரு பந்திக்கும் ஒரு வரிசை. பின்னர் கோடுகளை மறைத்துவிடுங்கள். ஓரிரு பக்கத் தாளுக்கு இதுவே மிக எளிது. குறிப்பும் தன் பந்தியைவிட்டு நகராது.

மூன்றாம் படி: குறிப்பை எழுதுதல்

செபம் 13 புள்ளி அளவில் இருந்தால் குறிப்பு 10 புள்ளியில் இருக்கட்டும். இதற்குக் கீழே போக வேண்டாம். மாலைச் செபத்தை வாசிப்பவர் பெரும்பாலும் தாத்தாவாக இருப்பார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பெட்டியில் இரு பக்கமும் சமன் செய்தால் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். ஆகவே இடப்பக்கம் மட்டும் சமன் செய்யுங்கள்.

விளக்கும் சொல்லை முதலில் தடித்த எழுத்தில் இட்டு, பொருளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். உதாரணமாக, "பாஸ்கு: உயிர்ப்புப் பெருவிழா. போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது" என்றால் போதும். ஒரு பக்கத்தில் மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம். நீண்ட விளக்கம் தேவையானால் புத்தகத்தின் கடைசியில் தனிப் பக்கம் கொடுங்கள்.

குறிப்பின் முடிவில் எழுதியவரின் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் இருக்கட்டும். பாட்டி சொன்னதும் நாம் ஊகித்ததும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. "பெரியம்மா சொன்னது" என்றால் அப்படியே எழுதுங்கள். ஒருவரது குடும்பத்தின் அந்தரங்கத்தை ஓரத்திலும் எழுதாதீர்கள். சிறிய எழுத்தானாலும் எல்லோரும் வாசிப்பார்கள்.

எழுத்துருவைப் பற்றி ஒரு சொல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். யூனிகோட் முறையில் அடியுங்கள். 1991 முதல் தமிழுக்கு அதில் இடமுண்டு. உலகின் எந்த மூலையிலுள்ள உறவினரும் அதைத் திறந்து வாசிக்கலாம்.

நான்காம் படி: சித்திரம்

ஓரச் சித்திரம் அழகுக்கும் உதவும், அறிவுக்கும் உதவும். சீமோனும் அந்திரேயாவும் வலை வீசிய பகுதியைச் சிறுவருக்குக் கற்பிக்கிறீர்கள் என்றால், இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் படத்தைத் தேட வேண்டாம். நம் வாவியில் வீச்சுவலை எறிபவரை ஒரு பிள்ளை வரையட்டும். மீன்பாடும் தேன்நாட்டுப் பிள்ளைக்கு மீன் வரையத் தெரியாதா? ஆதிக் கிறிஸ்தவர்களும் மீனைத் தம் அடையாளமாக வரைந்தவர்கள்தாமே.

வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், தடித்த கோடுகளாக வரையச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேர் மேலிருந்து கைத்தொலைபேசியால் படம் எடுங்கள். 40 மில்லிமீற்றர் அகலத்தில் தெளிவாக அச்சிட, படத்தின் அகலம் ஏறக்குறைய 470 புள்ளிகள் இருந்தாற் போதும். எந்தக் கைத்தொலைபேசியும் இதைவிட அதிகம் தரும். படத்தைத் தனியே ஓரத்தில் வைக்காமல், குறிப்புப் பெட்டிக்குள்ளேயே குறிப்புக்கு மேலே இட்டுவிடுங்கள். ஒரே நங்கூரம் இரண்டையும் தாங்கும்.

ஒரே சித்திரம் எல்லாப் பக்க ஓரத்திலும் வர வேண்டுமா? பக்கத்தின் தலைப்பகுதியை இருமுறை தட்டினால் "ஹெடர்" திறக்கும். அங்கே படத்தைச் சேர்த்து, "பிஹைன்ட் ரெக்ஸ்ட்" என்று கொடுத்து, ஓரத்துக்கு இழுத்து விடுங்கள். ஒருமுறை வைத்தது எல்லாப் பக்கத்திலும் தோன்றும். பிறர் வரைந்த படமானால் அனுமதி பெறுவது நீதி.

தவிர்க்க வேண்டியவை

"கொமென்ற்" என்று ஒரு வசதி வேர்டில் உண்டு. அது திரையின் ஓரத்தில் தெரிவதால் சிலர் அதையே ஓரக்குறிப்பு என்று எண்ணுகிறார்கள். அது தட்டச்சு செய்பவரும் திருத்துபவரும் பேசிக்கொள்வதற்கு உரியது. அதோடு அச்சிட்டால் பக்கம் முழுவதும் சுருங்கிவிடும்.

வேலை முடிந்ததும் கடைக்கு வேர்ட் கோப்பைக் கொண்டு போகாமல், பீ.டி.எஃப் ஆக்கிக் கொண்டு போங்கள். அங்குள்ள கணனியில் எழுத்துரு மாறிப் பெட்டிகள் குலையாது. வீட்டுக்கென ஒரு பிரதி எடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் செபப் புத்தகமாக அச்சிட்டுப் பொதுவில் வெளியிடுவதானால் ஆயரின் அனுமதி தேவை என்பது திருச்சபைச் சட்டம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியையும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையையும் கண்ட மண் இது. ஒரே ஒரு பிரதியாக இருந்த காகிதம் காற்றுக்கும் நீருக்கும் எதிரே நில்லாது. படியெடுத்த செபம் நான்கு வீடுகளில் இருந்தால், ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் கிடைக்கும். ஆனால் சொல்லின் பொருளை அறிந்த பெரியவர்களுக்குப் பிரதி இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வாரப் பயிற்சி

1. வீட்டிலுள்ள பழைய செபம் ஒன்றில் ஒரு பக்கத்தை, ஓர் எழுத்தும் மாற்றாமல் தட்டச்சு செய்யுங்கள்.

2. பிள்ளைகளுக்கு விளங்காத மூன்று சொற்களைத் தெரிந்து, வீட்டின் மூத்தவரிடம் பொருள் கேட்டு, ஓரத்தில் நங்கூரமிட்டு வையுங்கள். சொன்னவரையும் ஆண்டையும் குறியுங்கள்.

3. தொடக்கத்தில் ஐந்து வரிகளைப் புதிதாகச் சேர்த்துப் பாருங்கள். குறிப்புகள் தத்தம் சொல்லோடு நகர்ந்தனவா? நகர்ந்தால் உங்கள் முடிச்சு சரி. சேர்த்த வரிகளை அழித்துவிடுங்கள்.

4. இளைய பிள்ளையிடம் ஒரு சித்திரம் கேளுங்கள். பின்னர் நான்கு பிரதி எடுத்து, மூன்றை உறவினர் வீடுகளுக்குக் கொடுங்கள்.